என் புகார் மனு பக்கத்து வீட்டுக்காரர் கைக்குப் போனது எப்படி?

பெயரும் ஊரும் வேண்டாம் என்ற குறிப்போடு, ஒரு பேரூராட்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது:

‘பக்கத்து மனையில் மூன்றாவது மாடி எழும்புகிறது. எங்கள் சுவரை ஒட்டி விட வேண்டிய இடத்தை விடாமலே கட்டுகிறார்கள். சில மாதங்களுக்கு முன்பு பேரூராட்சி அலுவலகத்தில் புகார் மனு கொடுத்தேன். எழுத்தர் கேட்டதால் ஆதார் நகலும் இணைத்தேன், கைப்பேசி எண்ணும் எழுதினேன். யாரும் வந்து பார்க்கவில்லை. ஆனால் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் என் மனுவின் நகலை ஆதாரோடு சேர்த்து என் வாசலிலேயே நீட்டிக் காட்டினார். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கினாராம். அன்றிலிருந்து தெரியாத எண்களிலிருந்து மிரட்டல் அழைப்புகள் வருகின்றன. நானும் அதே சட்டத்தில் அந்தக் கட்டடத்தின் அனுமதி, வரைபடம், அவருடைய பத்திரம் எல்லாவற்றையும் கேட்டேன். “மூன்றாம் நபர் தொடர்புடைய தகவல், பிரிவு 8(1)(ஜே)-ன்படி வழங்க இயலாது” என்று ஒரே வரியில் பதில் வந்து மூன்று வாரம் ஆகிறது. என் விவரத்தைக் கொடுத்த அலுவலருக்கு அபராதம் வாங்கித் தர முடியுமா? புதிதாக வந்த தரவுச் சட்டத்தின்படி என் விவரங்களை அங்கிருந்து முழுவதும் அழிக்கச் சொல்லலாமா? அந்தச் சட்டம் வந்த பிறகு இனி எதையும் கேட்டு வாங்க முடியாது என்கிறார்களே, உண்மையா? என் மகன் எல்லாவற்றையும் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம் என்கிறான்.’

அம்மா, முதலில் அந்த மிரட்டல் அழைப்புகள். மற்றதெல்லாம் அலுவலக வேகத்தில் நடக்கட்டும், இதை இன்றே கவனியுங்கள். அழைப்புப் பட்டியலை அழிக்காதீர்கள். எந்த எண், எந்த நாள், என்ன நேரம், என்ன சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். மிரட்டல், குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 351-ன் கீழ் குற்றம். வாங்க மறுத்தால் சண்டை போட வேண்டாம். அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். குற்ற விசாரணை நடைமுறைக்கான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173(4) அந்த வழியைத் தருகிறது. ‘பக்கத்து வீட்டுக்காரர்தான் செய்கிறார்’ என்று உறுதியாக எழுதாதீர்கள். மனு நகலைக் காட்டிய நாளையும் அழைப்புகள் தொடங்கிய நாளையும் மட்டும் எழுதுங்கள். தொடர்பு உண்டா என்று கண்டுபிடிப்பது காவல்துறையின் வேலை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. ‘அவருக்குக் கொடுத்தார்கள், எனக்கு மறுத்தார்கள்’ என்பதை ஆள் பார்த்துச் செய்த அநியாயமாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் தாள்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த அலுவலகம் இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்யாமல் விட்டிருக்கிறது. கோப்பைப் பிரித்து, இதில் தனிமனிதர் விவரம் எது, அலுவலகம் செய்த காரியம் எது என்று பார்க்கவே இல்லை. உங்கள் மனுவை அப்படியே தூக்கிக் கொடுத்தார்கள், அவருடைய கோப்பை அப்படியே பூட்டி வைத்தார்கள். இரண்டும் தவறு. இரண்டையும் தனித்தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும்.

உங்கள் மனு வெளியே போன விஷயம்

தன் மேல் வந்த புகாரில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு நியாயம் உண்டு. நடவடிக்கை எடுக்கும் முன் அவர் பக்கத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? ஆனால் அதற்கு உங்கள் கைப்பேசி எண்ணும் ஆதாரும் எதற்கு? பக்கத்தில் இடம் விட்டாரா இல்லையா என்பது அளவு நாடா பிடித்தால் தெரிந்துவிடும். புகார் கொடுத்தவர் யார் என்பதை வைத்துத் தீர்மானிக்க வேண்டிய விஷயமே இல்லை.

தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் உங்களைக் காக்க மூன்று இடங்கள் இருந்தன. தனிநபர் தகவலை மறுக்க வழிசெய்யும் 8(1)(ஜே), அதாவது உங்களுக்கு எதிராகக் காட்டிய அதே பிரிவு. ஒருவருடைய உயிருக்கோ உடல் பாதுகாப்புக்கோ ஆபத்து வரும் என்றாலும், சட்டத்தை அமல்படுத்த நம்பிக்கையின் பேரில் தகவல் தந்தவரின் அடையாளம் வெளிப்படும் என்றாலும் மறுக்கலாம் என்கிற 8(1)(ஜி). மூன்றாவது, பிரிவு 11: ஒருவர் ரகசியமாகக் கருதி அலுவலகத்தில் கொடுத்த விஷயத்தை இன்னொருவருக்குத் தர நினைத்தால், விண்ணப்பம் வந்த 5 நாளுக்குள் கொடுத்தவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், அவர் ஆட்சேபம் சொல்ல 10 நாள் அவகாசம் உண்டு. உங்களுக்கு அப்படி எந்தக் கடிதமும் வரவில்லை என்கிறீர்கள். ‘ரகசியம் என்று மனுவில் அவர் எழுதவில்லையே’ என்று அலுவலகம் சொல்லப் பார்க்கும். எழுதாவிட்டாலும் ஆதார் நகல் ஊருக்குக் காட்டுகிற தாள் ஆகிவிடாது. ஆனாலும் இனி எந்தப் புகார் கொடுத்தாலும் முதல் பக்கத்திலேயே ‘புகார்தாரரின் பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றை ரகசியமாக வைக்கக் கோருகிறேன்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் பிரிவு 10 இருக்கிறது. தரக்கூடாத பகுதியை நீக்கிவிட்டு மீதியைக் கொடுக்கலாம். இதில் ஒரு சின்ன விஷயம். சில அலுவலகங்களில் கறுப்பு மையால் அடித்த தாளையே கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் உள்ள எண் பளிச்சென்று தெரியும். அடித்த தாளை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலைத்தான் தர வேண்டும்.

சரி, அலுவலருக்கு அபராதம்? இங்கேதான் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 20-ல் சொல்லும் அபராதம், நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் அதிகபட்சம் 25,000 ரூபாய், தகவலைத் தராமல் இழுத்தடித்தவருக்கும், கெட்ட எண்ணத்தோடு மறுத்தவருக்கும், தெரிந்தே தவறான தகவல் தந்தவருக்கும், கேட்ட தகவலை அழித்தவருக்கும் உரியது. தரக்கூடாததைத் தந்தவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. மூன்றாம் நபர் என்ற முறையில் பிரிவு 19(2)-ன் கீழ் நீங்களும் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் தாள் கைமாறிய பிறகு அதனால் திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை.

மிச்சம் இருப்பது துறை நடவடிக்கை. அதற்கு முதலில் எழுத்தில் ஆதாரம் வேண்டும். ஒரு தனி விண்ணப்பத்தில் இதைக் கேளுங்கள்: இன்ன தேதியில் நான் கொடுத்த மனுவின் நகல் யாருக்காவது வழங்கப்பட்டதா, எந்த நாளில், எத்தனை பக்கம், பிரிவு 11-ன்படி எனக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டதா, அனுப்பியிருந்தால் அதன் நகல். வாங்கியவரின் பெயரைக் கேட்காதீர்கள். அதைக் கேட்டால் மறுபடி ‘மூன்றாம் நபர்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள், பெயர் உங்களுக்குத்தான் ஏற்கனவே தெரியுமே. பதில் வந்ததும் அதை இணைத்துச் செயல் அலுவலருக்கும் பேரூராட்சிகள் இயக்குநருக்கும் புகார் அனுப்புங்கள். இழப்பீடு வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்திருப்பதால் வாதத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் செலவு, அலைச்சல், காலம் மூன்றையும் யோசித்துவிட்டு இறங்குங்கள். நானாக இருந்தால் மிரட்டல் புகார் எங்கே போகிறது என்று பார்த்த பிறகே இதை முடிவு செய்வேன்.

ஆதாரைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். எண் தெரிந்த மாத்திரத்தில் யாரும் உங்கள் வங்கிப் பணத்தை எடுத்துவிட முடியாது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் கைரேகை, கருவிழி விவரங்களைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு, அதைச் செய்துவிடுங்கள். இனி எங்கே நகல் கேட்டாலும் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பதிவிறக்கிக் கொடுங்கள். தகவல் கேட்கும் விண்ணப்பத்துக்கு அதுகூட வேண்டாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, தொடர்புகொள்ளத் தேவையான விவரம் தவிர வேறு எதையும் தர வேண்டியதில்லை என்று பிரிவு 6(2) தெளிவாகச் சொல்கிறது. வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-லேயே கூறியிருக்கிறது.

புதிய தரவுச் சட்டம் எதைத் தரும், எதைத் தராது

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. அந்த நவம்பரிலேயே நடைமுறைக்கு வந்த பகுதிகளில் முக்கியமானது, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே)-யை மாற்றி எழுதிய பகுதி. குடிமக்களுக்கு உரிமை தரும் பகுதிகளோ 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில்தான் அமலுக்கு வரும். பூட்டை முதலில் மாட்டிவிட்டுச் சாவியைப் பிறகு தருகிறோம் என்கிற மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னால் அரசு வழக்கறிஞர் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அந்தப் பகுதிகள் வந்தாலும் நீங்கள் கேட்கும் ‘முழுவதும் அழி’ என்பது நடக்காது. அரசமைப்புச் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்லும் ‘அரசு’ என்பதில் உள்ளாட்சி அமைப்புகளும் அடங்கும். அந்த ‘அரசு’ கையாளும் தரவுகளுக்கு அழிக்கக் கோரும் உரிமை பொருந்தாது என்று தரவுச் சட்டத்தின் பிரிவு 17(4) விலக்கு அளித்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அது உங்களுக்கும் நல்லதுதான். சொத்து வரிப் பதிவேட்டிலிருந்து உங்கள் பெயரை அழித்துவிட்டால், நாளைக்கு வீடு உங்களுடையது என்று எதைக் காட்டுவீர்கள்? இன்னொன்று, இந்தச் சட்டம் கணினியில் இருக்கும் அல்லது கணினியில் ஏற்றப்பட்ட தரவுக்கு மட்டுமே. நீங்கள் கொடுத்தது காகித மனு, அவர் வாங்கியது ஜெராக்ஸ். மனுவை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தால்தான் பேச்சே. தரவுப் பாதுகாப்பு வாரியம் விதிக்கும் அபராதமும் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும், பாதிக்கப்பட்டவர் கைக்கு வராது. அதனால் இந்த வழியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

‘இனி எதையும் வாங்க முடியாது’ என்பது உண்மையா

பாதி உண்மை. முன்பு 8(1)(ஜே)-யில் நிபந்தனை இருந்தது. பொதுக் காரியத்தோடு தொடர்பில்லாத தனிநபர் தகவலை, அல்லது தேவையில்லாமல் ஒருவருடைய அந்தரங்கத்தில் தலையிடும் தகவலைத்தான் மறுக்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைச் சாதாரண ஆளுக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு வாசகமும் இருந்தது. இப்போது எல்லாம் போய், ‘தனிநபர் தகவல் தொடர்பானது’ என்ற அளவில் அந்தப் பிரிவு சுருங்கிவிட்டது. மறுக்க நினைப்பவருக்கு வசதியான ரப்பர் ஸ்டாம்ப்.

ஆனால் பிரிவு 8(2)-ஐ யாரும் தொடவில்லை. விலக்கு அளிக்கப்பட்ட தகவலாக இருந்தாலும், வெளியிடுவதில் உள்ள பொதுநலன் அதனால் வரும் பாதிப்பைவிட அதிகம் என்றால் தரலாம் என்பது அது. பிரிவு 10-ம் அப்படியே இருக்கிறது. மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுத்த அலுவலருடையது என்கிற 19(5)-ம் இருக்கிறது. அப்புறம், ‘மூன்றாம் நபர்’ என்ற சொல்லே தடை அல்ல. பிரிவு 11-ன்படி அவரைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவர் ‘கொடுக்காதே’ என்று சொன்னாலும் முடிவெடுப்பது அலுவலர்தான்.

உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தேன். கோபத்தில் எழுதியது என்று படித்ததுமே தெரிகிறது. பத்திர நகல், வங்கிக் கடன், அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதுவரை கேட்டிருக்கிறீர்கள். அது அவரைப் பற்றிய கேள்வி. பேரூராட்சி என்ன அனுமதி கொடுத்தது, புகார் வந்த பிறகு என்ன செய்தது என்பது அலுவலகத்தைப் பற்றிய கேள்வி. இரண்டாவதை மட்டும் கேட்டால் ‘தனிநபர்’ என்ற ஸ்டாம்பைக் குத்த இடம் ரொம்பக் குறைந்துவிடும். புது விண்ணப்பத்தில் இப்படி எழுதலாம்:

இன்ன சர்வே எண், இன்ன தெருவிலுள்ள கட்டடத்துக்கு வழங்கப்பட்ட கட்டட அனுமதியின் எண், நாள், அனுமதிக்கப்பட்ட தளங்கள், உயரம், நான்கு பக்கமும் விட வேண்டிய இடத்தின் அளவு.

இன்ன தேதியில் பெறப்பட்ட என் மனுவின் ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), அதன் மீது நாள்வாரியாக எடுக்கப்பட்ட நடவடிக்கை, கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்.

கள ஆய்வு செய்த நாள், ஆய்வு அறிக்கையின் நகல், கட்டட உரிமையாளருக்கு அனுப்பிய அறிவிப்பு ஏதேனும் இருந்தால் அதன் நகல். இவற்றில் உள்ள கைப்பேசி எண், ஆதார் எண் போன்றவற்றைப் பிரிவு 10-ன்படி நீக்கித் தரலாம்.

அந்தக் கடைசி வரியை நீங்களாகவே எழுதிவிடுவது நல்லது. வீட்டுக்குள் படுக்கையறை எங்கே, பூஜை அறை எங்கே என்பதும் உங்களுக்குத் தேவையில்லை. வெளி அளவு போதும். இதற்குத் துணையாக ஒரு தீர்ப்பும் இருக்கிறது. மீரட் நகரக் கட்டடம் ஒன்று பற்றிய வழக்கில் 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம், கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைக் கட்டுமான இடத்திலேயே பார்வைக்கு வைக்க வேண்டும் என்று நாடு முழுவதற்குமாக உத்தரவிட்டது. தெருவில் போகிறவர் பார்க்க வேண்டிய வரைபடம் கோப்புக்குள் மட்டும் எப்படி ரகசியமாகும்? பக்கத்து மனையில் அப்படி ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று வெளியே நின்று பாருங்கள். இல்லையென்றால் அதையே செயல் அலுவலருக்குத் தனிப் புகாராகக் கொடுக்கலாம், ரகசிய வரியோடு.

பத்திரத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம் தேவையே இல்லை. அசையாச் சொத்துப் பதிவுகளைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம் என்கிறது பதிவுச் சட்டத்தின் பிரிவு 57. வில்லங்கச் சான்றையோ பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். ஆனால் உங்கள் வழக்குக்கு அவருடைய பத்திரம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எல்லைத் தகராறு இல்லையே.

புது விண்ணப்பத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பொதுவாக 30 நாளில் பதில் வர வேண்டும், மூன்றாம் நபரைக் கேட்க வேண்டியிருந்தால் 40 நாள்.

வாட்ஸ்அப் குழு

மகனிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். சட்டப்படி வாங்கிய தகவலை நாலு பேருக்குச் சொல்வது குற்றமில்லை. ‘அனுமதி இரண்டு மாடிக்கு, எழும்புவது மூன்றாவது மாடி’ என்று அலுவலகப் பதிலின் படத்தோடு போடலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் எண், கையெழுத்து, குடும்ப விவரம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. உங்களுக்கு நடந்ததை நீங்களே அவருக்குச் செய்தால், காவல் நிலையத்தில் உங்கள் புகாரின் பலம் போய்விடும். ‘லஞ்சம் வாங்கினார்கள்’ என்று அலுவலர் பெயரைப் போட்டு எழுதுவதும் வேண்டாம். ஆதாரம் இல்லாமல் எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். மகன் தன் பெயரில் விண்ணப்பம் போடலாம், தடையில்லை. சங்கத்தின் பெயரில் மட்டும் போடாதீர்கள். தகவல் கேட்கும் உரிமை குடிமக்களுக்குத்தான், சங்கத்துக்கு இல்லை என்று திருப்பி அனுப்ப ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

மேல்முறையீடு

புது விண்ணப்பம் போடுகிறோமே என்று பழைய மறுப்பை விட்டுவிடாதீர்கள். மறுப்பு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போக வேண்டும். மூன்று வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள், ஆக ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் மிச்சம். கட்டணம் இல்லை. ஒரு பக்கம் போதும்: எந்தக் காரணமும் விளக்காமல் ஒரே வரியில் மறுத்திருக்கிறார்கள், பிரிவு 11-ன்படி உரிமையாளரிடம் கேட்டதாகத் தெரியவில்லை, பிரிவு 10-ன்படி பிரித்துத் தரவில்லை, 8(2)-ன் பொதுநலனை எடைபோடவில்லை. பத்திரம், வங்கி விவரம் கேட்ட பகுதியை நானே கைவிடுகிறேன் என்றும் எழுதிவிடுங்கள். மேல்முறையீட்டு அலுவலருக்கு உங்கள் பக்கம் சாய அது உதவும். அவருடைய விவரமும் கால அவகாசமும் மறுப்புக் கடிதத்திலேயே இருக்க வேண்டும் என்பது பிரிவு 7(8). இல்லையென்றால் அதையும் ஒரு குறையாகச் சேருங்கள்.

அவர் 30 நாளில், காரணம் எழுதி நீட்டித்தால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையம் இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் கெடு இல்லை, அதனால் முதல் மேல்முறையீட்டிலேயே முடித்துக்கொள்ளப் பாருங்கள். மறுப்புக் கடிதம் வந்த உறையைக் கிழித்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதிலுள்ள தபால் முத்திரைத் தேதிதான் அந்த 30 நாள் கணக்குக்குச் சாட்சி. அதன் நகலையும் மேல்முறையீட்டோடு இணையுங்கள்.